யாருக்குத் திறக்கிறது நம் திரை?

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. வகுப்புகள் முடிந்து கல்லூரி வளாகம் ஓய்ந்திருந்தது. துறையில் எனக்கென ஒதுக்கப்பட்டிருந்த கணினியின் முன் அமர்ந்து, முதுநிலை மாணவர்களுக்கான பருவத் தேர்வு வினாத்தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பாதி வினாக்கள் முடிந்திருந்த வேளையில், திரையின் மூலையில் நான் அழைக்காமலேயே ஒரு சிறு சாளரம் திறந்தது. அதற்குள் இரண்டு கண்கள். சுட்டியை இடப்புறம் நகர்த்தினேன். கருவிழிகள் இடப்புறம் திரும்பின. வலப்புறம் நகர்த்தினேன், அவையும் வலப்புறம் திரும்பின. சில நொடிகளில் அந்தச் சாளரம் தானாகவே மறைந்துவிட்டது.

மறுநாள் காலை, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார். ஆய்வகத்தில் நண்பனின் திரையில் அந்தக் கண்களைத் தோன்றச் செய்து வேடிக்கை காட்ட நினைத்ததாகவும், கணினியின் எண்ணில் ஓர் இலக்கம் தவறிப்போனதால் அவை என் திரைக்கு வந்துவிட்டதாகவும் கூறினார். மன்னிப்புக் கேட்டதோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். தயங்கித் தயங்கி மேலும் ஒன்றைச் சொன்னார்: "சார், கண்களை அனுப்ப முடிகிறது என்றால் உங்கள் திரையைப் பார்க்கவும் முடியும். நீங்கள் தட்டச்சு செய்வதைப் படிக்கவும் முடியும். நான் பார்க்கவில்லை. ஆனால், வேறு யாரும் பார்க்கவில்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது."

எனக்கு முதலில் வந்தது சினம்தான். ஆசிரியரின் கணினிக்குள் நுழைந்த மாணவர் மீது நடவடிக்கை எடுக்கக் கோரி முதல்வருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். முதல் பத்தியைத் தாண்டுவதற்குள், இது எப்படி நிகழ்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுவதே முறை என்று தோன்றியது. விசாரித்தபோது கிடைத்த விடை என்னைக் கூச வைத்தது. அந்த மாணவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவன் நான். ஏறத்தாழ ஓராண்டுக் காலம், ஒவ்வொரு நாள் காலையிலும் என் கையாலேயே ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து அதைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கதவின் வரலாறு கணினித் துறையினருக்கு மட்டுமே உரியதன்று. அனுமதி வழங்குவது என்றால் என்ன, அதை மனிதருக்கு வழங்குவதா இயந்திரத்துக்கு வழங்குவதா, வசதிக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும்போது அதன் விலையை யார் தருகிறார்கள் என்னும் கேள்விகள் அதில் அடங்கியிருக்கின்றன. வங்கிக் கணக்கைக் கைப்பேசித் திரையில் வைத்திருக்கும் இன்றைய நாளில் இவை நம் எல்லோருக்கும் உரிய கேள்விகள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983-இல் 'அதீனா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஐபிஎம், டிஜிட்டல் எக்விப்மென்ட் ஆகிய இரு நிறுவனங்கள் அதற்குத் துணை நின்றன. வளாகமெங்கும் கணினிகளை நிறுவ வேண்டும். மாணவர் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் தமக்குரிய கோப்புகளும் நிரல்களும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால், வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. எந்தக் கணினியில் இயங்கும் நிரலும் எந்தத் திரையிலும் தோன்றுவதற்கு ஒரு பொது ஏற்பாடு தேவைப்பட்டது. அவ்வாறு 1984-இல் பிறந்ததுதான் எக்ஸ் விண்டோ சிஸ்டம். ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் அதன் முதன்மைச் சிற்பிகள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான 'டபிள்யூ' என்னும் முன்னோடியைத் தழுவி எழுந்ததால், ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கு அடுத்த எழுத்தே இதற்குப் பெயராயிற்று. 1987 செப்டம்பரில் வெளியான பதினொன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இன்றும் பல லினக்ஸ் கணினிகளில் நடைமுறையில் இருக்கின்றன.

எக்ஸ் அமைப்பில் புதிதாக நுழைவோரைக் குழப்பும் ஒரு செய்தி உண்டு. சர்வர் என்றதும் எங்கோ குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் பெரிய கணினி நம் நினைவுக்கு வரும். எக்ஸ் அமைப்பிலோ, நம் மேசை மீது இருப்பதுதான் சர்வர். உணவகத்தில் பரிமாறுபவரையும் சர்வர் என்றே அழைக்கிறோம். கேட்பதைக் கொண்டுவந்து தருபவர் என்பதே அதன் பொருள். நம் மேசையிலுள்ள காட்சி சர்வர் பரிமாறுவது மூன்று பொருள்களை: திரை, விசைப்பலகை, சுட்டி. தொலைவிலுள்ள பெரிய கணினியில் இயங்கும் நிரல்கள்தாம் வாடிக்கையாளர்கள். அவை வலையமைப்பு வழியாக வந்து, "இவ்விடத்தில் ஒரு கோடு வரைக, இந்தச் சொல்லை எழுதுக, பயனர் எந்த விசையை அழுத்தினார் என்று தெரிவிக்க" என்று கேட்கின்றன. சர்வர் அவற்றைச் செய்து கொடுக்கிறது.

என் பணிக்கு இது பெரும் வசதியாக இருந்தது. கல்லூரியின் பெரிய கணினியில் புள்ளியியல் நிரல் இயங்கும். அது வரையும் வரைபடம் என் மேசையில் தோன்றும். கணக்கிடும் சுமை அங்கே, காணும் வசதி இங்கே. பற்றாக்குறையான வளத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பொருளாதார ஆசிரியன் பாராட்டாமல் இருக்க முடியாது.

இந்த வசதியோடு ஒரு கேள்வியும் வந்து சேர்கிறது. வாடிக்கையாளர் வலையமைப்பு வழியாக வந்து கதவைத் தட்டுகிறார் என்றால், யாரை உள்ளே விடுவது? காட்சி சர்வர் வழக்கமாக 6000 என்னும் எண்ணுடைய வாயிலில் காத்திருக்கும். அந்த வாயிலை வந்தடையக்கூடிய எந்தக் கணினியும் கதவைத் தட்டலாம்.

தொடக்க கால விடை எளிமையானது. அனுமதிக்கப்பட்ட கணினிகளின் பட்டியல் ஒன்றைச் சர்வர் வைத்துக்கொள்ளும். பட்டியலில் உள்ள கணினியிலிருந்து வந்தால் கதவு திறக்கும், இல்லையேல் மூடியிருக்கும். இந்தப் பட்டியலைத் திருத்தும் கட்டளைக்கு 'எக்ஸ்ஹோஸ்ட்' என்று பெயர். அதன் பின் கூட்டல் குறியிட்டு ஒரு கணினியின் பெயரை எழுதினால் அந்தக் கணினி பட்டியலில் சேரும். கழித்தல் குறியிட்டு எழுதினால் நீங்கும். பட்டியலை மாற்றும் அதிகாரம், காட்சி சர்வர் இயங்கும் கணினியிலிருந்து கட்டளையிடுவோருக்கே உண்டு. ஒரு பெயரை நீக்கினாலும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட இணைப்புகள் அறுபடா. புதிய வரவுகள் மட்டுமே தடுக்கப்படும். விருந்தினர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டோம் என்பதற்காக, கூடத்தில் அமர்ந்திருக்கும் விருந்தினர் எழுந்து போய்விடுவதில்லை அல்லவா?

இந்த ஏற்பாட்டில் அடிப்படைப் பிழை ஒன்று உண்டு. அனுமதி மனிதருக்கு வழங்கப்படவில்லை, இயந்திரத்துக்கு வழங்கப்படுகிறது. ஒரு கணினியை ஒருவரே பயன்படுத்துவாரானால் இரண்டும் ஒன்றே. ஆனால், எங்கள் கல்லூரியின் பெரிய கணினியில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கணினியின் பெயரை என் பட்டியலில் சேர்த்த நொடியிலேயே, என் பெயரில் இயங்கும் நிரலுக்கு மட்டுமல்ல, அந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் நிரல்களுக்கும் என் திரை திறந்துவிடும். உறவினர் ஒருவர் ஊரிலிருந்து பேருந்தில் வருகிறார் என்பதற்காக, அந்தப் பேருந்தில் வரும் அனைவருக்கும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. மேலும், 'நான் இன்ன கணினி' என்பதற்கு வலையமைப்பில் கிடைக்கும் சான்று அதன் முகவரி மட்டுமே. முகவரியை மாற்றிச் சொல்லிக்கொண்டு வருவதும் இயலாத செயலன்று.

எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையில் இதைவிடப் பெரிய வசதி ஒன்றும் இருந்தது. கூட்டல் குறியை மட்டும் எழுதி, கணினியின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டால் காவல் முழுவதும் நீங்கிவிடும். வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியிலிருந்தும் யாரும் வரலாம். நான் ஓராண்டாகச் செய்துவந்தது இதைத்தான். தொடக்கத்தில் ஒருநாள் 'காட்சியைத் திறக்க இயலவில்லை' என்னும் பிழைச் செய்தி வந்தபோது, ஆய்வகப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஒரு துண்டுச் சீட்டில் அந்தக் கட்டளையை எழுதி அனுப்பினார். தட்டச்சு செய்தேன்; வரைபடம் தோன்றியது. சீட்டைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டேன். கூட்டல் குறியின் பொருள் என்னவென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உள்ளே வந்த வாடிக்கையாளர் என்னென்ன செய்யலாம் என்பதை அறிந்தபோதுதான் அந்தக் கூட்டல் குறியின் கனம் புரிந்தது. எக்ஸ் அமைப்பில் வாசலைத் தாண்டியவருக்கு வீடு முழுவதும் உரிமை. எந்தச் சாளரத்தில் அழுத்தப்படும் விசைகளையும் அவர் கேட்டறியலாம். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். திரை முழுவதையும் படமெடுத்துக்கொள்ளலாம். பயனர் விசையை அழுத்தியதுபோல் போலி விசையழுத்தங்களை அனுப்பலாம். பிறருடைய சாளரங்களை மூடலாம். இவை அமைப்பை உடைத்துச் செய்யும் செயல்கள் அல்ல. அமைப்பே வழங்கும் சேவைகள். திரையைப் படமெடுக்கும் நிரலுக்கும், விசைக் குறுக்குவழிகளை இயக்கும் நிரலுக்கும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் நிரலுக்கும் இத்தகைய வசதிகள் பயன்படுகின்றன. நல்லவருக்குத் தேவையான அதே வசதி தீயவருக்கும் கிடைத்தது. என் திரையில் தோன்றிய கண்களும் எக்ஸ் அமைப்போடு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் ஒரு விளையாட்டு நிரல்தான். அந்தக் கண்கள் எதையும் படிப்பதில்லை. ஆனால், சுட்டி எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்தது என்பதே போதிய எச்சரிக்கை.

இவ்வளவு ஆபத்தான கட்டளையைப் படித்தவர்களே ஏன் அன்றாடம் பயன்படுத்தினார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு விடையாகாது. ஆய்வகப் பொறுப்பாளருக்கு அந்தக் கட்டளையின் பொருள் நன்றாகவே தெரியும். ஆனால், முறையான வழியை ஐம்பது ஆசிரியர்களுக்கும் கற்பிக்க அவருக்குப் பல நாள்கள் ஆகும். கூட்டல் குறியை எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். கற்பிக்கும் செலவு அவருடையது. கசிவினால் வரும் இழப்பு என்னுடையது. என் மூலம் அந்தத் தேர்வை நேர்மையாக எழுதவிருந்த மாணவர்களுடையது. முடிவெடுப்பவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்னும் நிலையைப் பொருளாதாரத்தில் புற விளைவு என்போம். ஆலைக்கழிவை ஆற்றில் விடுவோரின் கணக்கும் இதே கணக்குதான். பாதுகாப்புக்கான செலவு இன்றைக்கு, நிச்சயமாக, என் தலையில் விழுகிறது. இழப்போ என்றோ ஒருநாள், ஒருவேளை, பிறர் தலையில் விழுகிறது. அந்நிலையில் பெரும்பாலோர் எதைத் தேர்வார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்பு அறிஞர் ராஸ் ஆண்டர்சன், 2001-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இதையே விரித்துரைத்தார். கணினிப் பாதுகாப்பு தோற்பதற்குத் தொழில்நுட்பக் குறை எந்த அளவுக்குக் காரணமோ, அந்த அளவுக்குத் தவறான ஊக்கங்களும் காரணம் என்பது அவருடைய வாதம். அதற்கு அவர் காட்டிய சான்று தானியங்கிப் பண இயந்திரம். 'இந்தப் பணத்தை நான் எடுக்கவில்லை' என்று வாடிக்கையாளர் மறுத்தால், மெய்ப்பிக்கும் பொறுப்பு அமெரிக்காவில் வங்கிக்கு இருந்தது. பிரிட்டனில் அந்தச் சுமை நெடுங்காலம் வாடிக்கையாளர் மீதே இருந்தது. விளைவு, பிரிட்டன் வங்கிகள் அலட்சியமாயின. மோசடியும் அங்கே பெருகியது. இழப்பைத் தடுக்க வல்லவர் எவரோ, அவரே இழப்பைச் சுமக்குமாறு ஏற்பாடு அமைய வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

எக்ஸ் அமைப்பை உருவாக்கியோர் கைகட்டி நிற்கவில்லை. கணினிக்கு வழங்கிய அனுமதியை மனிதருக்கு வழங்குவதாக மாற்ற அவர்கள் கண்ட வழி, ஓர் இரகசிய எண். பயனர் தம் கணினியில் நுழையும்போது 128 பிட் நீளமுள்ள ஓர் எண் தற்செயலாக உருவாக்கப்படும். அதற்கு 'மேஜிக் குக்கி' என்று பெயரிட்டார்கள். பயனர் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பு ஒன்றில் அது பதிவாகும். கதவைத் தட்டும் நிரல் அந்த எண்ணைச் சரியாகச் சொன்னால் மட்டுமே உள்ளே வரலாம். 128 பிட் என்பது 39 இலக்கங்கள் கொண்ட எண்ணிக்கையிலான வாய்ப்புகள்; ஊகித்துக் கண்டுபிடிப்பது நடவாத செயல். ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிய எண் உருவாவதால் பழைய எண் பயனற்றுப் போகும். 'எந்த ஊரிலிருந்து வருகிறாய்' என்று கேட்ட காவலர், 'அடையாளச் சொல் என்ன' என்று கேட்கத் தொடங்கினார் எனலாம்.

இதிலும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, அந்த எண் வலையமைப்பில் மறைப்பின்றியே பயணம் செய்தது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை எடுத்துக்கொண்டு அதே அடையாளச் சொல்லோடு வந்து நிற்கலாம். இரண்டாவது, பழைய பட்டியல் முறையும் உடன் நீடித்தது. ஒரு கணினியின் பெயர் பட்டியலில் இருந்தால், அங்கிருந்து வருபவரிடம் இரகசிய எண் கேட்கப்படாது. ஆகவே, குக்கி ஏற்பாட்டை எவ்வளவு கவனமாகச் செய்து வைத்திருந்தாலும், துண்டுச் சீட்டில் உள்ள அந்த ஒரு கூட்டல் குறி அனைத்தையும் பயனற்றதாக்கிவிடும். தெருக்கதவில் வலிய பூட்டைத் தொங்கவிட்டுக் கொல்லைக் கதவை விரியத் திறந்து வைத்த கதை அது.

தீர்வு வேறொரு திசையிலிருந்து வந்தது. ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட நிகழ்வுக்குப் பின், டாட்டு உலோனன் 1995-இல் 'எஸ்எஸ்எச்' என்னும் பாதுகாப்பான இணைப்பு முறையை உருவாக்கினார். தொலைவிலுள்ள கணினியில் நுழைவதற்கான வழியாகவே அது அமைந்தது. ஆனால், அதே குழாய்க்குள் எக்ஸ் காட்சிகளையும் மறையாக்கம் செய்து அனுப்பும் வசதி அதில் சேர்ந்திருந்தது. தொலைவிலுள்ள நிரல், தன் கணினியிலேயே ஒரு திரை இருப்பதாக எண்ணிக்கொண்டு அதனிடம் பேசும். அந்தப் பேச்சு குழாய் வழியாக நம் மேசைக்கு வந்து சேரும். உண்மையான இரகசிய எண் நம் கணினியை விட்டு வெளியே செல்வதே இல்லை. அங்கே ஒரு போலி எண் வழங்கப்படும்; இங்கே வந்து சேரும்போது உண்மை எண்ணாக மாற்றப்படும்.

எஸ்எஸ்எச் பரவலாக வெற்றி பெற்றதற்கு அதன் மறையாக்க வலிமை மட்டும் காரணமன்று என்றே நான் கருதுகிறேன். பயனர் செய்ய வேண்டியது, கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்ப்பது மட்டுமே. எண்ணைப் படியெடுக்க வேண்டா. பட்டியலைத் திருத்த வேண்டா. பாதுகாப்பான வழியே சுருக்கமான வழியாகவும் ஆனது. எக்ஸ்ஹோஸ்ட் கூட்டல் குறியைக் கைவிடச் சொல்லி ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட அறிவுரைகள் சாதிக்காததை, அதைவிட எளிதான மாற்று வழி சாதித்தது. ஆனாலும், முழு நிம்மதிக்கு இடமில்லை. தொலைவிலுள்ள கணினியின் நிர்வாகி தீயவராக இருந்தால், அவர் அந்தக் குழாயையே பயன்படுத்தி நம் திரைக்கு வந்துவிடலாம். அதனால்தான், இன்று பெரிதும் வழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில் இந்த வசதி கேட்டால் மட்டுமே கிடைக்கும், கேளாமல் திறக்காது.

'கேளாமல் திறக்காது' என்னும் இந்தக் கொள்கை புதியதன்று. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் கணினிப் பாதுகாப்புக்கான எட்டு நெறிகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, எவரும் எதுவும் செய்யாத இயல்பு நிலையில் கதவு மூடியிருக்க வேண்டும் என்பது. மற்றொன்று, பாதுகாப்பு முறை மனிதருக்குப் பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும். இல்லையேல் அதைத் தவிர்த்துவிடுவார்கள் என்பது. இந்தச் சால்ட்சர்தான் பின்னாளில் அதீனா திட்டத்தின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பயனரின் அடையாளத்தை உறுதி செய்யும் 'கெர்பரோஸ்' முறையும் அதே திட்டத்தில்தான் பிறந்தது. நெறி தெரிந்தவர்கள் இருந்த இடத்திலேயே, நம்பிக்கைக்குரிய சிறு வளாகத்துக்கென அமைந்த ஏற்பாடு உலகெங்கும் பரவி, அந்த நெறிகளுக்கு எதிராக இயங்கியது. அறிவு இருப்பது வேறு. அதுவே இயல்பு நிலையாவது வேறு.

இயல்பு நிலை மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள். வெளியிலிருந்து வரும் வலையமைப்பு இணைப்புகளுக்குக் காட்சி சர்வர் தானாகவே காது கொடுக்கும் வழக்கம், எக்ஸ் அமைப்பின் பொதுப் பதிப்பில் 2015-ஆம் ஆண்டில்தான் கைவிடப்பட்டது. பதினொன்றாம் பதிப்பு வெளியானதிலிருந்து எண்ணினால் 28 ஆண்டுகள். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய 'வேலாண்ட்' என்னும் மாற்று அமைப்போ, வீட்டுக்குள் வந்தவருக்கும் தனித்தனி அறைகளை வகுத்தது. அதில் ஒரு நிரல் தன் சாளரத்துக்கு வரும் விசையழுத்தங்களை மட்டுமே அறியும். திரை முழுவதையும் படமெடுக்க விரும்பினால் பொதுவாகப் பயனரின் இசைவைப் பெற வேண்டும். முன்பு எளிதாக இயங்கிய சில நிரல்கள் இதனால் இயங்காமல் போயின, பயனர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். பாதுகாப்புக்கு விலை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த விலையை முன்கூட்டியே, வெளிப்படையாகத் தருவதா, பின்னர் தெரியாமல் தருவதா என்பதே கேள்வி.

இவ்வளவும் கணினி வல்லுநர்களின் கவலை என்று வாசகர் எண்ணக்கூடும். இன்று கைப்பேசியில் ஓர் அழைப்பு வருகிறது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் சொல்கிறார். உங்கள் கணக்கு முடங்கவிருக்கிறது, உதவி செய்ய ஒரு செயலியை நிறுவுங்கள், திரையில் தோன்றும் எண்ணைச் சொல்லுங்கள், 'அனுமதி' என்பதை அழுத்துங்கள் என்கிறார். அழுத்தியவுடன் நம் திரை அவருடைய மேசையில் தோன்றுகிறது. ஒருமுறைக் கடவுச்சொல் வருவதை நம்மோடு சேர்ந்து அவரும் படிக்கிறார். தொலைவிலிருந்து திரையைக் காட்டும் செயலியைக் கொண்டு நிகழும் இத்தகைய மோசடி குறித்து, 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அந்தச் செயலிகள் தீயவை அல்ல. பழுது நீக்கும் பணியாளர்களுக்கு அவை அன்றாடக் கருவிகள். எக்ஸ்ஹோஸ்ட் கட்டளைபோலவே இங்கும் பூட்டு உடைபடவில்லை. பொருள் தெரியாத ஓர் அனுமதியை, அவசரத்தில், யாரோ சொன்னபடி நாமே வழங்குகிறோம்.

இழப்பு யார் தலையில் விழுகிறது? அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமையை வங்கியின் மீது வைத்தது. வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ பிழையின்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது. ஆண்டர்சன் சொன்ன திசையில் எடுத்து வைத்த நல்ல அடி அது. ஆனால், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையதே என்றும் அது கூறியது. 'அனுமதி' என்பதை அழுத்திய முதியவரின் செயல் கவனக்குறைவா, ஏமாற்றப்பட்டதா? அந்தச் சொல்லின் பின்னால் திரை, கடவுச்சொல், வாழ்நாள் சேமிப்பு ஆகிய அனைத்தும் இருக்கின்றன என்பதை அவருக்குப் புரியும் மொழியில் யாரேனும் சொன்னார்களா? என் துண்டுச் சீட்டில் இருந்த கூட்டல் குறியை நினைக்கும்போது, அவரை மட்டுமே குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அரை நூற்றாண்டுக் கணினி அனுபவத்திலிருந்து பொதுமக்களுக்குப் பயன்படும் நெறிகள் மூன்று என்பேன். அனுமதியைக் கருவிக்கோ இடத்துக்கோ வழங்காமல், தெரிந்த மனிதருக்கு, குறித்த ஒரு பணிக்கு, குறித்த காலத்துக்கு மட்டும் வழங்க வேண்டும். நாமாகத் தேடிச் சென்று பெற்ற உதவிக்கு மட்டுமே திரையைத் திறக்கலாம். தேடி வரும் உதவிக்குத் திறக்கலாகாது. திறந்த கதவை வேலை முடிந்ததும் மூடுவதோடு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேறிவிட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும். அந்தச் செயலியையே நீக்கிவிடுவது நன்று. ஆட்சியாளரும் வங்கிகளும் நிறுவனங்களும் கொள்ள வேண்டிய நெறி ஒன்றே: பாதுகாப்பான வழியையே எல்லாவற்றிலும் எளிய வழியாக அமைத்துத் தாருங்கள். விழிப்புணர்வு விளம்பரங்களைவிட அது அதிகம் சாதிக்கும்.

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். முதல்வருக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இரண்டு இரவுகள் விழித்திருந்து வினாத்தாளைப் புதிதாக எழுதினேன். தேர்வுப் பிரிவினர் காரணம் கேட்டபோது, சில வினாக்களைச் செம்மைப்படுத்தியிருப்பதாக மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால், அதே துண்டுச் சீட்டை வைத்திருந்த மற்ற ஆசிரியர்களும் விழித்திருப்பார்கள். என் பெயர் கெட்டுவிடும் என்னும் அச்சம் என்னைத் தடுத்தது. தவற்றை ஒப்புக்கொள்வதன் செலவு என்னுடையது. மறைப்பதன் செலவு பிறருடையது. புற விளைவு பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவனும் அந்தக் கணக்கில் தோற்றுப்போனேன்.

தோற்காதவர் அந்த மாணவர். வந்து சொன்னதால் அவருக்குக் கிடைக்கவிருந்தது தண்டனை. சொல்லாமல் இருந்திருந்தால் எதுவுமில்லை. இருந்தும் வந்து சொன்னார். பிழையைக் கண்டு சொல்பவரைக் குற்றவாளியாக்கும் நிறுவனத்தில், அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். கதவு திறந்தே கிடக்கும். அந்த மாணவருக்கு நான் அன்று நன்றி சொல்லவில்லை. "இனிமேல் கவனமாக இரு" என்று சொல்லி அனுப்பினேன். அந்த அறிவுரை உண்மையில் எனக்கு உரியது.